யாரிடம் எதைச் சொல்லலாம்? ஆள் எடுப்பவர், வேலை தேடுபவர் கேள்விகள்

கே: கேட்காமலேயே ஒரு கன்சல்டன்சி என் ரெஸ்யூமேயைப் பல நிறுவனங்களுக்கு அனுப்பிவிட்டது. அதில் ஒன்றுக்கு நான் நேரடியாகவே விண்ணப்பித்திருந்தேன்.

ப: ஒரே ரெஸ்யூமே இரண்டு வழியில் வந்தால், கன்சல்டன்சிக்குக் கமிஷன் தர வேண்டுமா என்ற தகராறுக்குப் பயந்து விண்ணப்பத்தையே ஒதுக்கிவிடும் நிறுவனங்கள் உண்டு. அதனால் இன்றே எச்.ஆருக்கு எழுதுங்கள்: நான் விண்ணப்பித்த தேதி இது, என் சார்பில் அனுப்ப யாருக்கும் அனுமதி தரவில்லை. கன்சல்டன்சியிடம் எங்கெல்லாம் அனுப்பினார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இப்படிக் கேட்பதை உரிமையாகவே தருகிறது. அந்தச் சட்டம் எட்டாத இடத்திலும் தயங்காமல் கேளுங்கள்.

கே: நான் ரெக்ரூட்டர். மன அழுத்தச் சிகிச்சைக்காக முந்தைய வேலையை விட்டதாக ஒரு கேண்டிடேட் என்னை நம்பிச் சொன்னார். ஏன் விட்டார் என்று க்ளையன்ட், அதாவது ஆள் தேடும் நிறுவனத்துக்காரர், கேட்கிறார். பணம் தருவது அவர்தானே?

ப: பணம் தருவது அவர்தான். ஆனால் அந்தத் தகவல் கேண்டிடேட்டுடையது. ‘சொந்தக் காரணம், அவரிடமே கேளுங்கள்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். வேறு வாய்ப்பு வந்ததாக ஜோடிக்காதீர்கள். சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. உங்கள் பொய்க்கு இன்டர்வியூவில் திணறப்போவது அவர். ‘நமக்குள் இருக்கட்டும்’ என்று க்ளையன்ட் காதில் போடுவதும் கூடாது. ஒருமுறை கேட்டதை அவரால் மறக்க முடியாது, தேர்வு முழுக்க அது கூடவே வரும்.

அதே கேண்டிடேட், ‘டிகிரி முடிக்கவில்லை, சும்மா போட்டிருக்கிறேன்’ என்றிருந்தால் கதை வேறு. அதை மூடி மறைத்தால் க்ளையன்ட்டை ஏமாற்றுவதில் நீங்களும் பங்காளி. ஆனால் உடனே போட்டுக்கொடுக்க ஓட வேண்டாம். திருத்தித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், திரும்பப் பெறுவதாகக் க்ளையன்ட்டுக்கு எழுதிவிடுங்கள். இந்தச் சிக்கல்களில் பாதி, எதையெல்லாம் க்ளையன்ட்டிடம் சொல்வேன் என்பதை முதல் பேச்சிலேயே தெரிவித்துவிட்டால் எழாது.

கே: நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் ரெஸ்யூமே கேட்கிறார்கள். தரலாமா?

ப: இருக்கும் ஒருவருக்குப் பதிலாக ஓசையில்லாமல் ஆள் தேடும்போது முதல் பேச்சில் பெயரை மறைப்பது நியாயம்தான். ரெஸ்யூமே அங்கே போவதற்கு முன் பெயர் தெரிந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அது உங்கள் மேலாளர் மேஜைக்கே போய்ச் சேரலாம்.

கே: பழைய சம்பளத்தைச் சொல்லியே ஆக வேண்டுமா?

ப: நியூயார்க் நகரம் 2017 அக்டோபர் 31 முதல் அந்தக் கேள்விக்கே தடை போட்டது. தடை இல்லாத இடத்தில், எதிர்பார்க்கும் தொகையை மட்டும் சொல்லுங்கள். கட்டாயப்படுத்தினால் சொல்ல விருப்பமில்லை என்று மறுக்கலாம். கூட்டிச் சொல்ல மட்டும் வேண்டாம், பே ஸ்லிப் கேட்பார்கள்.