கொரோனா காலத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு அம்மாக்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள், பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2020இல் என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. கணவர் தினமும் வெளியே போயே ஆகவேண்டிய வேலையில் இருந்தார். எனக்கு வீட்டிலிருந்தே அலுவலக வேலை. பால்கனிகூட இல்லாத வீடு.

மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. சில நாட்களிலேயே பள்ளியும் மூடிவிட்டார்கள். உடனே நான் உட்கார்ந்து ஒரு பெரிய அட்டவணை போட்டேன். காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை, அரை மணிக்கு ஒன்று: ஓவியம், கணக்கு, கதை, காகித மடிப்பு, களிமண். ஐந்தாம் நாள் நானே அதைக் கிழித்துப் போட்டேன். அரை மணிக்கொரு முறை அடுத்ததை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே? அந்த ஆள் மீட்டிங்கில் இருந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். "அடுத்து என்னம்மா?" என்று இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அதற்குப் பிறகு எழும் நேரம், சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம் மூன்றை மட்டும் இறுக்கிப் பிடித்தேன். இடையில் இருப்பதை அவர்களிடமே விட்டுவிட்டேன். "போர் அடிக்குது" என்று சொன்னால் பதில் சொல்லாமல் இருக்கப் பழகினேன். அது கஷ்டமாகத்தான் இருந்தது. முதல் அரை மணி நேரம் சிணுங்கல், சண்டை. அதைத் தாண்டினால் ஏதாவது பிறக்கும். வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியை அட்டத்திலிருந்து அவர்களே இழுத்துப் போட்டார்கள். மகள் கத்தரியால் ஜன்னல் வெட்டினாள், மகன் உள்ளே தலையணையோடு குடியேறினான். ஒரு வாரம் அது வீடு, பிறகு ஆஸ்பத்திரி, பிறகு கப்பல். நான் வாங்கிக் கொடுத்த எந்தப் பொம்மையும் அத்தனை நாள் ஓடவில்லை.

இன்னொன்று, பொழுதைப் போக்குவதற்காக என்று இல்லாமல் வீட்டுக்கு நிஜமாகவே தேவைப்படும் வேலையைக் கொடுங்கள். துவைத்த துணியில் சாக்ஸை ஜோடி சேர்ப்பது என் மகன் பொறுப்பு. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது சின்ன வேலை இல்லை. ஒவ்வொன்றையும் தரையில் நீட்டி வைத்து, அளவு பார்த்து, நிறம் பார்த்துச் சேர்ப்பான். ஒன்று தனியாக நின்றுவிட்டால் வீடு முழுக்கத் தேடுவான். அவன் செய்யாவிட்டால் அப்பா மறுநாள் வேலைக்குப் போகும்போது சாக்ஸ் தேட வேண்டியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் அந்த வேலையை அவன் விடவே இல்லை.

அவனுக்குப் பயமும் இருந்தது. பழக்கம் நின்று ஒரு வருடமான பிறகு மறுபடி படுக்கையை நனைத்தான். மனம் நெருக்கடியில் இருக்கும்போது சின்னப் பிள்ளைகள் இப்படி ஒரு படி பின்னால் போவது சகஜம்தான், திட்டினால் கூடும். நான் திட்டாமல் விரிப்பை மாற்றினேன், அவர்கள் விழித்திருக்கும்போது டிவியில் செய்தி போடுவதை நிறுத்தினேன். ஒருநாள் தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூள் தூவி, விரலில் சோப்புத் தொட்டு நடுவில் வைக்கச் சொன்னேன். தூள் முழுவதும் ஓரத்துக்கு ஓடியது. "சோப்பைப் பார்த்துப் பயப்படுது!" என்று கத்தினான். மகளுக்கு மட்டும் உள்ளதைச் சொன்னேன்: மிளகு ஓடுவது தண்ணீரின் பரப்பு இழுவிசை மாறுவதால். வைரஸுக்கு நடப்பது வேறு, அதன் மேலே இருக்கும் கொழுப்பு உறையைச் சோப்பு உடைத்துவிடுகிறது. அன்றிலிருந்து கை கழுவ அவனைக் கூப்பிடவே வேண்டியதில்லை.

என் மீட்டிங் நேரத்துக்கு வழி கண்டுபிடித்தது மகள்தான். 1937இல் சிகாகோவில் போலியோ பரவிப் பள்ளிகளைத் திறக்க முடியாமல் போனபோது, வானொலியில் பாடம் நடத்தினார்கள். பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். இதை ஒரு இரவு அவளிடம் சொன்னேன். மறுநாளே என் பழைய போனில் தம்பிக்காக ஒரு "வானொலி" தொடங்கிவிட்டாள். ஒரு கதை, ஒரு விடுகதை, கடைசியில் "இப்போ எழுந்து பத்து தடவை குதி" என்று ஒரு கட்டளை. பத்து நிமிடம்தான். அவன் அதையே நான்கு தடவை கேட்பான், நான்கு தடவையும் குதிப்பான்.

திரை நேரம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இரண்டிலிருந்து நான்கு வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். நான் பல நாள் அதை மீறினேன், அந்தக் குற்ற உணர்ச்சியில் எரிச்சல்பட்டு அதையும் பிள்ளைகள்மேலேயே காட்டினேன். அப்படி வதைத்துக்கொள்ளாதீர்கள். நிமிடக் கணக்கு சொல்லாமல் "இந்த எபிசோடு முடிந்ததும் நிறுத்தணும்" என்று சொன்னால் அழுகை குறைந்தது. தூங்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாத் திரையையும் அணைத்தேன். மகளின் ஆன்லைன் வகுப்புக்கு மேசையை ஜன்னலோரம் நகர்த்தினேன், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது நொடி தூரத்தில் எதையாவது பார்க்க அது வசதியாக இருந்தது.

அம்மாக்கள் எப்படித் தாங்கினோம் என்றும் கேட்டீர்கள். முதல் இரண்டு மாதம் நான் தாங்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன், சத்தம் கேட்காது என்று நினைத்து. ஒருநாள் மகள் கணவரிடம் போய், "அம்மா தினமும் ரொம்ப நேரம் தண்ணியைத் திறந்து வெச்சிருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். அன்று இரவுதான் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினோம். அவர் வந்து குளித்து முடித்ததிலிருந்து ஒரு மணி நேரம் என்னுடையது, கதவு மூடியிருக்கும், வீடு எப்படிக் கிடந்தாலும் நான் வெளியே வரமாட்டேன் என்று முடிவானது. இதைத் தானாகத் தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள், வாய்விட்டுக் கேளுங்கள். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள், பிள்ளை தூங்கிய பிறகு பாத்திரத்தைப் போட்டுவிட்டாவது அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் வாரம் மகன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். மூன்றாவது வாரம் கதவுக்கு அடியில் ஒரு காகிதத்தைத் தள்ளினான். ஒரு பெரிய கட்டம், அதற்குள் நீளமாக ஒரு கோடு, கோட்டின் ஒரு முனையில் கூந்தல். வெளியே அவன் அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது: "இது அம்மா. அவங்க மணி இன்னும் முடியல."