வாசகர் கேள்வி பதில்: பலகையில் எழுதிய சமத்துவத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: என் மகள் கொழும்பில் சமூகப்பணிப் பட்டப்படிப்பு படிக்கிறாள். எல்லா இனத்தவருக்கும் சம இடம் என்று அந்த அரச நிறுவனத்தின் வாசலில் மூன்று மொழியிலும் பலகை இருக்கிறது. ஆனால் களப்பயிற்சிப் படிவங்களும் மேற்பார்வையாளர் எழுதும் குறிப்புகளும் சிங்களத்தில் மட்டும்தான். கேட்டால், "வேறு யாரும் முறையிடவில்லையே" என்கிறார்கள். இதை யாரிடம் கேட்பது?
– பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

பதில்: அக்கா, இது உங்கள் மகளுக்குக் காட்டும் சலுகை என்று யாராவது பேசினால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். இந்த வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளைதான் நாளைக்கு நன்னடத்தை உத்தியோகத்தராக மட்டக்குளியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டப்போகிறது. உள்ளே இருக்கிற தாய்க்குத் தமிழ் மட்டும், போனவருக்குச் சிங்களம் மட்டும் தெரியும் என்றால் யார் மொழிபெயர்ப்பது? அந்த வீட்டுச் சின்னப் பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். "அப்பா அடிக்கிறாரா" என்ற கேள்வியை அந்தப் பிள்ளையின் வாயாலேயே தாயிடம் கேட்க வைப்பதைச் சமூகப்பணி என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் தமிழில் படிவம் கேட்கிற உங்கள் மகள் அந்தத் தொழிலின் தரத்தைத்தான் கேட்கிறாள்.

தொழிலும் அப்படித்தான் சொல்கிறது. 2014இல் மெல்பர்னில் ஏற்றுக்கொண்ட, சமூகப்பணிக்கான சர்வதேச வரைவிலக்கணம், பன்மைத்தன்மையை மதிப்பதைச் சமூகநீதிக்கும் மனித உரிமைக்கும் பக்கத்திலேயே வைக்கிறது. 2020இல் திருத்திய, சமூகப்பணிக் கல்விக்கான உலகத் தரநியமங்கள், சேவை பெறுகிற மக்களுக்கும் இந்தக் கல்வியில் பங்கு வேண்டும் என்கின்றன. அவை சட்டம் இல்லை, நிறுவனம் தானாக ஏற்றால்தான் உண்டு. அமெரிக்காவில் கதை கொஞ்சம் வேறு: அங்கே 2022ஆம் ஆண்டு அங்கீகார விதிகளின்படி, பன்மைத்தன்மைக்கு என்ன செய்தோம் என்று ஒவ்வொரு சமூகப்பணிப் பாடநெறியும் காட்டியாக வேண்டும், அங்கீகாரமே அதில்தான் தங்கியிருக்கிறது.

நம்மிடம் இருப்பது அரசியலமைப்பு. அதன் 21ஆம் உறுப்புரைப்படி, அரச நிதி பெறும் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடநெறி சிங்களம், தமிழ் என்ற இரு தேசிய மொழிகளில் ஒன்றில் நடந்தால், மற்ற மொழியில் படித்து வந்தவர்களுக்கு அவர்களுடைய மொழியிலும் நடக்க வேண்டும். ஆனால் அதே மாதிரிப் பாடநெறி வேறொரு பல்கலைக்கழகத்தில் அந்த மொழியில் இருந்தால் போதும் என்று ஒரு விலக்கும் உண்டு, ஆங்கிலத்தில் நடத்தினால் இந்த உறுப்புரை எட்டாது. எனவே எந்த மொழியில் கற்பிக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, படிவத்தையும் குறிப்பையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

"யாரும் முறையிடவில்லை" என்ற பதில் என்னைக் கோபப்படுத்துகிறது. தன் களப்பயிற்சிப் புள்ளி யார் கையில் இருக்கிறதோ அவரைப் பற்றி எந்தப் பிள்ளை முறையிடும்? முறைப்பாடு வராமலே தேடிப் பார்க்க வேண்டியது நிறுவனத்தின் வேலை. சரி, இனி வாயால் கேட்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கடந்த ஐந்து வருடங்களில் எத்தனை தமிழ்மொழி மாணவர்கள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், தமிழ் தெரிந்த மேற்பார்வையாளர்கள் எத்தனை பேர், படிவங்களைத் தமிழில் தருவதற்கு எந்த அதிகாரி பொறுப்பு, எந்தத் திகதிக்குள் என்று கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. மொழி விஷயத்துக்குத் தனியாக இராஜகிரியவில் அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கேயும் ஒரு முறைப்பாடு போடுங்கள். மகளின் பெயரில் போடாமல் உங்கள் பெயரில் போடுவது நல்லது. அப்புறம், எல்லாவற்றுக்கும் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புள்ளி எடுத்தவனுக்கு இடம் கொடுத்தால் போதாதா? இந்தப் பன்மைத்தன்மை எல்லாம் இன்னொரு தரப்படுத்தல்தானே?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, பல்கலைக்கழகம் போகத் தமிழ்மொழி மாணவர்களிடம் கூடுதல் புள்ளி கேட்ட 1970களின் தரப்படுத்தல் நம் வீடுகளில் விட்ட காயம் எனக்கும் தெரியும், அதனால் உங்கள் சந்தேகத்தைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கும் பெரும்பாலான பாடநெறிகளுக்கு அரச பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம்தான் திறமை அடிப்படை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள். அந்தப் பாடநெறிகளில் புள்ளி மட்டும் என்ற முறை நடைமுறையில் இல்லை. நான் கேட்பது அனுமதிக்குப் பிறகு நடப்பதை. நுவரெலியாவில் தேயிலைத் தோட்ட லயத்து அறையிலிருந்து வந்த ஒரு பிள்ளை முதலாம் வருடத்திலேயே விலகிப் போனால், ஏன் போனது என்று யாராவது எழுதி வைக்கிறார்களா? பாடத்தில் தோட்ட மக்களின் வாழ்க்கை 'பிரச்சினைக்குரிய சமூகம்' என்ற தலைப்பில் மட்டும் வந்தால் அந்தப் பிள்ளை வகுப்பில் எப்படித் தலை நிமிர்ந்து உட்காரும்? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பீடாதிபதி, மாணவர் இல்லை.

கேள்வி: சக்கர நாற்காலியில் போகும் என் தம்பிக்கு விரிவுரை மண்டபம் இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லை. சட்டம் ஏதும் உண்டா?
– வாசகி, தெமட்டகொட

பதில்: உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் வந்த 2006ஆம் ஆண்டின் அணுகல் வசதி ஒழுங்குவிதிகளும். லிஃப்ட் கட்டும்வரை காத்திருக்க வேண்டாம், வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லி இந்த வாரமே எழுதுங்கள். அரச நிறுவனம் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் போகலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடுவதற்கு ஒரு மாதம்தான் அவகாசம் என்பதால், மறுப்புக் கடிதம் வந்தால் அந்தத் திகதியைக் குறித்து வைத்து உடனே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.