பாசியும் பட்ட மரமும் நிறைந்த ஏரியில் பாஸ் மீன் பிடிக்க டெக்சாஸ் ரிக் நல்லதா, ஜிக் நல்லதா?

டாலஸுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, மார்ச்சில் லேக் ஃபோர்க் ஏரிக்குப் போகப் போகிறேன், கடையில் ஜிக் வாங்கச் சொல்கிறார்கள், வீடியோவில் எல்லோரும் டெக்சாஸ் ரிக் கட்டுகிறார்கள், எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அதே ஏரியில், அதே மார்ச்சில், இதே குழப்பத்தோடு போய் ஒரு பெரிய மீனைக் கண்ணெதிரே விட்டவன் நான்.

முதலில் பதில். ரிக் என்பது முள், குண்டு, இரை மூன்றையும் நரம்பில், அதாவது தூண்டில் இழையில், கட்டும் முறை. டெக்சாஸ் ரிக்கில் குண்டு தனியாக நரம்பில் கோத்திருக்கும், ஜிக்கில் குண்டும் முள்ளும் ஒரே துண்டு. தூண்டில் உள்ளே போவது பெரிய விஷயமே இல்லை. கடித்த மீன் எதன் வழியாக வெளியே வர வேண்டும் என்று பார்த்து ரிக்கை முடிவு செய்யுங்கள். மரமும் கிளையும் என்றால் ஜிக். பாசி என்றால் குண்டு நகராமல் இறுக்கிய டெக்சாஸ் ரிக். அந்த 'இறுக்கிய' என்ற சொல்தான் எனக்கு யாரும் சொல்லாமல் விட்டது.

லேக் ஃபோர்க்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1980இல் அணை கட்டி முடித்த ஏரி, சுமார் 27,000 ஏக்கர். தண்ணீர் நிரப்பும்போது பெரும்பாலான இடங்களில் மரங்களை வெட்டாமல் அப்படியே விட்டார்கள். இன்றும் ஏரி நடுவே பட்ட மரங்கள் நிற்கும், தண்ணீருக்கு அடியில் இன்னும் நிறைய. அதோடு ஹைட்ரில்லா. பள்ளியில் ஒளிச்சேர்க்கை சோதனைக்குப் புனலுக்குள் போட்டுச் சோதனைக்குழாயைக் கவிழ்ப்போமே, அதே பாசி. இங்கே அது வந்தேறி. டெக்சாஸ் மாநிலத்தின் பாஸ் சாதனையான 18.18 பவுண்டு மீன், அதாவது 8 கிலோவுக்கு மேல், 1992 ஜனவரியில் இந்த ஏரியில்தான் கிடைத்தது. இந்த ஏரியில் அப்படி ஒரு மீன் வளர அந்த மரங்களும் பாசியும் தரும் மறைவிடமும் ஒரு காரணம். பெரிய மீன் வேண்டும் என்றால் அதற்குள்தான் தூண்டிலை இறக்க வேண்டும்.

என் கதை 2019 மார்ச்சில் நடந்தது. என்னோடு வேலை செய்த ஒரு பெரியவர், என்னைவிட 25 வயது மூத்தவர், தன் படகில் கூட்டிப்போனார். ஐந்தடித் தண்ணீர், மூழ்கிக் கிடந்த ஒரு மரம், சுற்றிலும் இளம் பாசி. என் ராடில் டெக்சாஸ் ரிக்: கால் அவுன்ஸ் தோட்டா வடிவக் குண்டு, ஏழு அங்குல பிளாஸ்டிக் புழு, முள்ளின் நுனி புழுவுக்குள் புதைந்திருக்கும். நரம்பு 12 பவுண்டு தாங்கும். குண்டு நரம்பில் தாராளமாக ஓடும்படி விட்டிருந்தேன். அப்படித்தான் படத்தில் பார்த்திருந்தேன்.

புழு ஒரு கிளையின் மேல் விழுந்தது. குண்டு மட்டும் கிளைக்கு இந்தப் பக்கம் இறங்கிவிட்டது. புழு அந்தப் பக்கம், நடுவில் நரம்பு கிளைமேல். அது அப்போது எனக்குத் தெரியாது. நரம்பு மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. இழுத்தேன். ராடு வளைந்தது, ஆனால் அந்த இழுவை மீனுக்குப் போகவில்லை, கிளைக்குப் போனது. மீன் ஒரு தரம் மேலே வந்து புரண்டது. பச்சை முதுகு, பக்கவாட்டில் கரும்பட்டை, அகலமான வால், அதற்குப் பிறகு நரம்பில் ஒன்றுமில்லை. சுற்றி எடுத்துப் பார்த்தேன். அறுந்த முனை சுருண்டு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதற்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு நகத்தால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. கிளை அறுத்த தடம் அது.

பெரியவர் ஒன்றும் குறை சொல்லவில்லை. தன் பெட்டியிலிருந்து அரை அவுன்ஸ் ஜிக் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். கறுப்பும் நீலமுமாக சிலிக்கோன் இழைப் பாவாடை, முள்ளுக்கு முன்னால் துடைப்பக் குச்சி மாதிரி விறைப்பான நார்க்கற்றை. குண்டும் முள்ளும் ஒரே துண்டு, கிளைக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று பிரிய வழியில்லை. கிளையில் மோதினால் நார் முதலில் மோதி முள்ளைத் தள்ளிவிடும். ஏறி, ஒரு நொடி நின்று, மறுபுறம் விழும். பாஸ் கடிப்பது பெரும்பாலும் அந்த விழும் நேரத்தில்தான். அன்று மாலைக்குள் மரங்களிலிருந்து மூன்று மீன் எடுத்தேன், எல்லாம் மூன்று பவுண்டுக்குள். விட்ட மீன் திரும்ப வரவில்லை.

அதோடு 'ஜிக்தான் ராஜா' என்று நானும் ஒரு வருடம் திரிந்தேன். அதுவும் தப்பு. அடுத்த வசந்தத்தில் ஹைட்ரில்லா கனத்துக் கிடந்த ஒரு வளைவில் அதே ஜிக்கைப் போட்டால், ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடிப் பாசியோடு வந்தது. பாவாடை, நார், நரம்பு கட்டும் வளையம், மூன்றும் பாசியைக் கோத்துக்கொள்ளும். தோட்டா வடிவக் குண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, கூர்முனை பாசியைப் பிளந்துகொண்டு போகும். ஆனால் குண்டு ஓடக்கூடாது. குண்டுக்கு மேலே நரம்பில் சின்ன ரப்பர் ஸ்டாப்பர் ஒன்று கோத்து, முள்ளோடு ஒட்டி இறுக்கிவிட வேண்டும். பழைய ஆட்கள் பல்குச்சியைக் குண்டின் ஓட்டையில் செருகி ஒடிப்பார்கள், அது நரம்பைக் காயப்படுத்தும். இறுக்காவிட்டால் குண்டு கீழே போய்விடும், புழு பாசியின் மேலேயே தங்கிவிடும்.

'ஓடுகிற குண்டுதான் உண்மையான டெக்சாஸ் ரிக், புழு இயல்பாக மிதந்து இறங்கும்' என்று சொல்ல வருபவர்களுக்கு: ஒப்புக்கொள்கிறேன், பாசி குறைவான திறந்த இடத்தில் நானும் அப்படித்தான் விடுகிறேன். இங்கே கேள்வி அடர்ந்த இடத்தைப் பற்றியது. நான் போட்டிகளுக்குப் போகிறவனும் இல்லை. வருடத்துக்கு முப்பது நாற்பது நாள் தண்ணீரில் இருப்பவன், என் கையால் கட்டிப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

எடை பற்றி. இளம் பாசிக்கு முக்கால் அவுன்ஸ் போதும். கோடையில் பாசி மேலே ஏறி வெயிலில் காய்ந்து பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டால் 1 முதல் 1.5 அவுன்ஸ், அதாவது 28 முதல் 42 கிராம் வேண்டும், அதைக் குத்தி இறக்க வேண்டும். ஈயத்தைவிட டங்ஸ்டன் குண்டு அதே எடைக்கு வெகு சிறியது, அதனால் சிறிய ஓட்டையில் நுழையும். விலை அதிகம்தான், ஆனால் இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். முள் நேரான தண்டு உள்ளதாக, 4/0 அளவில் வாங்கி ஸ்னெல் முடிச்சுப் போடுங்கள், அதாவது நரம்பை முள்ளின் தண்டிலேயே சுற்றிக் கட்டுவது. இழுக்கும்போது குண்டு முடிச்சில் இடித்து முள்நுனியை வெளியே தள்ளும், மேல்தாடையில் ஏறும்.

நரம்பும் இடத்தைப் பொறுத்ததுதான். பாசிக்கு 65 பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னிய நரம்பு, அது பாசித்தண்டை அறுத்துக்கொண்டு வரும். மரத்தில் அதே பிரெய்டு கட்டைக்குள் பதிந்து மாட்டிக்கொள்ளும், அங்கே 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் என்ற ஒற்றை இழை நரம்பு. அன்று என் நரம்பு 12 பவுண்டு என்று மேலே சொன்னேன் இல்லையா, ரிக் சரியாக இருந்திருந்தாலும் அந்த மீன் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

தவளையையும் நினைத்திருப்பீர்கள். நம் ஊரில் அல்லிக்குளத்தில் விரால் பிடித்த கைக்கு உள்ளே வெற்றிடமான ரப்பர் தவளையைப் பார்த்ததும் ஆசை வரும். பாசிப் பாயில் ஆங்காங்கே ஓட்டை இருந்தால் அருமையான ஆயுதம். மீன் பாய்ந்து தண்ணீர் வெடித்த உடனே இழுக்காதீர்கள், நரம்பில் கனம் தெரிந்த பிறகு இழுங்கள். ஆனால் மார்ச்சில் அதற்கு இன்னும் காலம் வரவில்லை. கரோலினா ரிக் இந்த இடங்களுக்கு வேண்டவே வேண்டாம், குண்டுக்கும் முள்ளுக்கும் நடுவே இரண்டடி விட்டால் என் கிளைக் கதை தினமும் நடக்கும்.

அந்த இரண்டாவது வசந்தத்தில், ஹைட்ரில்லாவுக்குள், முக்கால் அவுன்ஸ் இறுக்கிய ரிக்கில், குண்டு தரையைத் தொடும் முன்பே நின்றது. நாலடித் தண்ணீரில் இரண்டடியிலேயே நின்றால் யாரோ வாயில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இழுத்தபோது ஒரு கூடைப் பாசியோடு 7 பவுண்டு 2 அவுன்ஸ் மீன் வந்தது. நீளம் 22 அங்குலம்.

அதை விட்டுவிட்டேன். விட்டே ஆக வேண்டும்: லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள பாஸை வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். அந்த வாரம் நம் ஆட்கள் கூடிய ஒரு விருந்தில் படத்தைக் காட்டினேன். "மீன் எங்கே? குழம்பு எங்கே?" என்றார்கள். சட்டத்தைச் சொன்னால், "யார் பார்க்கப் போறா?" என்றார் ஒருவர். இன்னொருவர் என் மனைவியிடம், "இதுக்கா விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து போறார்?" என்று கேட்டார். ஒரு பாஸ் அந்த அளவு வளரப் பல வருடம் ஆகிறது. 13 பவுண்டுக்கு மேல் பிடிபடும் மீன்களை 1986 முதல் மாநில மீன்வளத் துறையே உயிரோடு வாங்கி இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துகிறது, அந்தக் குஞ்சுகள் ஏரிகளுக்குத் திரும்பப் போகின்றன. இத்தனை பேர் காப்பாற்றி வைத்த ஏரியில், விசாவில் வந்த நாம் 'யார் பார்க்கப் போறா' என்று பேசுவது எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் படம் காட்டுவதை நிறுத்திவிட்டேன். நீங்கள் உரிமம் எடுத்துக்கொண்டு, அளவு நாடா ஒன்றும் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

கடைக்கு மறுபடி போகும்போது வாங்க வேண்டியது: அரை அவுன்ஸ் கறுப்பு-நீல ஜிக் இரண்டு, முக்கால் அவுன்ஸ் டங்ஸ்டன் குண்டு இரண்டு, ரப்பர் ஸ்டாப்பர் ஒரு அட்டை, 4/0 முள் ஒரு பாக்கெட், நண்டு மாதிரிக் கொடுக்கு உள்ள பிளாஸ்டிக் இரை ஒரு பை. அந்தப் பிளாஸ்டிக் இரண்டு ரிக்குக்கும் பொருந்தும். ஜிக்கின் நார்க்கற்றை புதிதில் மிக விறைப்பாக இருக்கும், விரலால் விசிறி போல விரித்துவிட்டு நாலைந்து நாரை அடியோடு கத்தரியுங்கள். படகு இல்லை என்றால் சொல்லுங்கள், கரையிலிருந்து மரங்கள் எட்டும் இடங்கள் இரண்டு எனக்குத் தெரியும்.