கிராஸ்லிங்க் தரவில் பொய் கலந்திருந்தால் எந்த ஸ்கோரிங் ஃபங்ஷன்?

கேள்வி: நான்கு புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பை மாடல் செய்கிறேன். டிஎஸ்எஸ் என்ற வேதிப்பொருளால் அருகருகே உள்ள லைசின்களை (ஒரு வகை அமினோ அமிலம்) கிராஸ்லிங்க் செய்து, அதாவது பிணைத்து, எவை பிணைந்தன என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் எடுத்த தரவு இருக்கிறது. அதில் சில இணைப்புகள் நிச்சயம் பொய், எவை என்றுதான் தெரியவில்லை. மாடலுக்குப் பொருந்தாதவற்றை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டலாமா?

பதில்: நீக்காதீர்கள். முதல் ஓட்டமே தவறான வடிவத்தில் போய் நின்றிருந்தால், நீங்கள் தூக்கி எறிவது நல்ல தரவாக இருக்கும். மிச்சமிருப்பது அந்தத் தவறான வடிவத்துக்கு அழகாகப் பொருந்தும், உங்களுக்கும் சந்தேகமே வராது. தரவில் பிழை உண்டு என்பதை ஸ்கோருக்குள்ளேயே எழுதிவிடுங்கள் (ஸ்கோர் என்பது மாடல் தரவுக்கு எவ்வளவு பொருந்தவில்லை என்ற அளவு, குறைவாக இருந்தால் நல்லது).

வழக்கமான ஹார்மோனிக் ஸ்கோர் இதற்கு உதவாது. டிஎஸ்எஸ் இணைக்கும் இரண்டு லைசின்களின் ஆல்ஃபா கார்பன்களுக்கு இடையே 30 ஆங்ஸ்ட்ராம் வரை அனுமதிப்பது வழக்கம். தாண்டினால், தாண்டிய தூரத்தின் வர்க்கம் அபராதம். பத்து உண்மையான இணைப்புகள் தலா 3 ஆங்ஸ்ட்ராம் தாண்டினால் மொத்தம் 90. ஒரே ஒரு பொய் இணைப்பு 60 ஆங்ஸ்ட்ராமில் இருந்தால் 900! நிரல் அந்த ஒன்றைச் சமாதானப்படுத்தத்தான் ஓடும்.

தரவு பொய்யாக இருக்கும் வாய்ப்பையும் நிகழ்தகவாகச் சேர்த்துக்கொள்ளும் பேயீசியன் ஸ்கோரில் கணக்கே வேறு. எந்த இணைப்பும் பொய்யாக இருக்க 5% வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொண்டால், தூரம் பொருந்தும் இணைப்பின் நிகழ்தகவு 0.95, பொருந்தாததன் நிகழ்தகவு 0.05. இவற்றின் இயல் மடக்கையைக் குறி மாற்றினால் ஸ்கோர் முறையே 0.05, 3. எவ்வளவு தள்ளி இருந்தாலும் ஒரு பொய் இணைப்பால் 3-க்கு மேல் இழுக்க முடியாது. அந்த 5%-ஐயும் கையால் நிர்ணயிக்க வேண்டியதில்லை, வடிவத்தோடு சேர்த்தே சாம்பிள் செய்யலாம், அதாவது பல மதிப்புகளை முயன்று நிரலே கணிக்கட்டும். தரவின் பிழையளவையும் வடிவத்தோடு சேர்த்துக் கணிக்கும் இந்த வழியை 2005-இல் ரீப்பிங், ஹாபெக், நில்கஸ் மூவரும் என்எம்ஆர் (அணுக்காந்த ஒத்ததிர்வு) தரவில் செய்து காட்டினார்கள். கிராஸ்லிங்க்குக்கு, பல வகைத் தரவைச் சேர்த்து மாடல் செய்யும் ஐஎம்பி மென்பொருளில் தயாராகவே இருக்கிறது. புரதங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் (டாக்கிங்) ஹேடாக் மென்பொருளின் வழி வேறு: ஒவ்வொரு டாக்கிங் முயற்சியிலும் தெளிவற்ற கட்டுப்பாடுகளில் (எது எதன் அருகே என்று உறுதியாகச் சொல்லாத தகவல்களில்) பாதியை ரேண்டமாக விட்டுவிடும். இரண்டே புரதம் என்றால் அது போதும், உங்களுக்கு ஐஎம்பிதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி தரவிலிருந்து இணைப்புகளைக் கண்டுபிடிக்கும் தேடல் மென்பொருள் "5% பொய்" என்று சொல்வது பெரும்பாலும் எல்லா இணைப்புகளுக்கும் சேர்த்துத்தான். ஒரே புரதத்துக்குள் இருக்கும் இணைப்புகளைவிட, இரண்டு புரதங்களுக்கு இடையே உள்ளவற்றில் பொய் அதிகம். கூட்டமைப்பின் வடிவத்தைத் தீர்மானிப்பதோ அவைதான்! அதனால் இரண்டு வகைக்கும் தனித்தனிப் பிழை விகிதம் வையுங்கள்.

அப்புறம், இந்த ஸ்கோர் தொலைவில் தட்டையாகிவிடும், எந்தப் பக்கம் நகர்வது என்றே நிரலுக்குத் தெரியாது. மிகச் சிறிய சாய்வு ஒன்றைச் சேர்த்து, நிறைய ரேண்டம் தொடக்கங்களிலிருந்து ஓட்டுங்கள். கொஞ்சம் இணைப்புகளை ஸ்கோரில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தால், மாடலைச் சோதிக்க உதவும்.

கடைசியில், எந்த நல்ல மாடலிலும் பொருந்தாத இணைப்புகளை எடுத்துப் பாருங்கள். அங்கங்கே சிதறிக் கிடந்தால் பொய்யாக இருக்கலாம். எல்லாம் ஒரே பகுதியைச் சுட்டினால், உங்கள் கூட்டமைப்புக்கு இன்னொரு வடிவமும் இருக்கிறதா என்று தேடுங்கள்.