ஹெர்2 ஊசி முதலில் கேட்டது, பிறகு ஏன் கேட்கவில்லை? எங்கள் தவறா?

அம்மாவுக்கு ஊசி போட்டுச் சுருங்கிய மார்பகக் கட்டி திரும்ப வந்துவிட்டது, நாங்கள் ஏதும் தவறு செய்தோமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சாப்பாட்டில்தான் கோளாறு என்று உறவினர் யாரோ சொல்லியிருப்பார்கள்.

என் அக்காவுக்கு முதல் அறிக்கையில் ஹெர்2 3+, அதாவது கட்டியின் செல்களில் ஹெர்2 என்ற புரதம் மிக அதிகம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிராஸ்டுசுமாப் என்ற ஹெர்2 ஊசி, ஓராண்டு. பிறகு நுரையீரலில் வந்தது. "தீபாவளிக்கு இரண்டு அதிரசம் தின்றாளே" என்றார் அத்தை. அன்றிலிருந்து அக்கா காப்பிக்குச் சர்க்கரை போடுவதில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நான் மருத்துவர் இல்லை, எப்போதோ விலங்கியல் படித்தவள். தவறிருந்தால் திருத்துங்கள், 'இணையத்தில் படித்துவிட்டு வந்துவிட்டாள்' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த மருந்து செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹெர்2 புரதத்தைப் பிடித்து, 'வளர்' என்ற உத்தரவு உள்ளே போகாமல் தடுக்கிறது. சில செல்களில் அந்தப் புரதம் தலையில்லாத முண்டமாக இருக்கும், பி95 என்பார்கள். மருந்துக்குப் பிடிக்க இடமே இல்லை. சிலவற்றில் பிஐகே3சிஏ மரபணு மாறியிருக்கும், அல்லது பிடென் என்ற தடுப்பான் போயிருக்கும். வாசலை அடைத்தாலும் உள்ளே உத்தரவு ஓடிக்கொண்டே இருக்கும்.

அக்காவுக்கு நடந்தது வேறு என்றார் மருத்துவர். கட்டியில் எல்லாச் செல்லும் ஒரே மாதிரி இல்லை. ஹெர்2 நிறைந்தவை செத்தன, குறைந்தவை மிஞ்சிப் பெருகின. நுரையீரலில் எடுத்த சதையில் ஹெர்2 குறைவு, 1+ தான்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய சதையையும் கேட்டார். தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் மெழுகுக் கட்டி, ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண். வெயிலில் உருகிவிடுமோ என்று பயந்து, மோர் பாட்டிலோடு சாப்பாட்டுப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். அதை வாங்க, பழைய சதை இருந்த மருத்துவமனையில் மூன்று நாள் அலைச்சல். நோயாளி கையெழுத்துப் போட்டால் போதாதாம், கணவரும் போட வேண்டுமாம். அக்காவின் உடம்பில் வெட்டிய சதைக்கு மாமாவின் அனுமதி எதற்கு? கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துபோய்விட்டார்.

மறுபடி சதை எடுத்துப் பார்த்தார்களா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பரவிய நோயில் 1+ இருந்தாலும் பயன்படுத்த, டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் என்ற மருந்துக்கு 2022-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அக்காவுக்கு இப்போது அதுதான் ஏறுகிறது. விலையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.