ஸ்ப்ரே கேனில் சுவரோவியம் வரையும்போது கோடு ஒழுகுகிறது, ஓரம் மங்குகிறது. என்ன செய்யலாம்?

பிரஷ்ஷில் வரைந்து பழகியவர் நீங்கள். இப்போது கேன் எடுத்துத் தெருச் சுவரில் பெரிதாக வரையப் போகிறீர்கள். கோடு ஒரு பக்கம் ஒழுகுகிறது, இன்னொரு பக்கம் பஞ்சு மாதிரி பரவுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் ஒன்பது வருடமாக இதே வேலை செய்கிறேன், எனக்கும் முதல் ஆறு மாதம் இதேதான். இரண்டுக்கும் காரணம் தூரமும் கை வேகமும். சுவருக்கு மிக அருகில் கேனைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்த்தினால் ஒழுகும். ஒழுகுகிறதே என்று பயந்து விலகினால் ஓரம் பரவும். கூர்மையான கோடு வேண்டுமென்றால் கேனை 3, 4 செ.மீ. அருகில் வைத்து, கையைச் சட்டென்று ஓட்ட வேண்டும். பெரிய பரப்பை நிரப்ப 20 முதல் 30 செ.மீ. தள்ளி நின்று நிதானமாகப் போகலாம்.

இன்னொன்று: கை ஓடத் தொடங்கிய பிறகு அழுத்துங்கள், கை நிற்கும் முன்பே விரலை எடுங்கள். இல்லாவிட்டால் கோட்டின் இரண்டு முனையிலும் பொட்டு விழுந்து, அங்கிருந்துதான் ஒழுகல் ஆரம்பிக்கும். மணிக்கட்டை வைத்து வரையாதீர்கள், தோளிலிருந்து கை முழுக்க வரட்டும். நீளக் கோட்டுக்கு உடம்பே பக்கவாட்டில் நடக்க வேண்டும். ஒரு பழைய பிளைவுட் பலகையில் தினமும் அரை மணி நேரம் வெறும் கோடும் வட்டமும் போடுங்கள். இரண்டு கேன் தீர்வதற்குள் கை பிடிபட்டுவிடும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கேன் பைக் டேங்குக்கும் இரும்புக் கதவுக்கும் ஆனது. பளபளப்பு அதிகம், மூடும் திறன் குறைவு, தண்ணீர் மாதிரி ஓடும். பழகுவதற்கு அது போதும், ஆனால் சுவருக்கு ஓவியர்களுக்கென்று வரும் கேனையே வாங்குங்கள். விலை கூடுதல்தான். அதன் கேப்பை, அதாவது அழுத்தினால் பெயிண்ட் பீய்ச்சும் முனையை, கழற்றி மாற்றலாம், மெல்லிய கோட்டுக்கு ஸ்கின்னி கேப், நிரப்ப ஃபேட் கேப். கேனை இரண்டு நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள். வேலை முடிந்ததும் தலைகீழாகப் பிடித்து, வெறும் கேஸ் மட்டும் வரும்வரை அழுத்திவிட்டு வையுங்கள், கேப் அடைக்காது.

சரி, கத்தியால் வெட்டிய மாதிரி ஓரம் எப்படி வருகிறது? ஒரே இழுப்பில் அப்படி வருவது அபூர்வம். கோட்டை வேண்டியதைவிடத் தடிமனாகப் போட்டுவிட்டு, பின்னணி நிறத்தைக் கொண்டு இரண்டு பக்கமும் செதுக்குவோம். கண் இமை, எழுத்தின் முனை, இலை நுனி எல்லாம் இப்படித்தான் கூர்மையாகின்றன. பிரஷ் பழக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இது புரிய நாளாகும். கோடு என்பதை இங்கே போடுவதோடு, வெட்டியும் எடுக்கிறோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. 400 மி.லி. கேன் ஒன்று பதினைந்து, இருபது சதுர அடிக்கு மேல் மூடாது. அதனால் பின்னணியை எக்ஸ்டீரியர் எமல்ஷனில், அதாவது வெளிச்சுவருக்கு அடிக்கும் பெயிண்டில், ரோலர் போட்டு முடிப்போம். பிறகு கேனால் செதுக்கப் போனால் நிறம் சேராது, பக்கவாட்டில் வெயில் விழும்போது பட்டை பட்டையாகத் தெரியும். நான் கேனை முதலில் தேர்ந்தெடுத்து, அட்டையில் அடித்துக் காயவைத்து, அந்த அட்டையைப் பெயிண்ட் கடைக்குக் கொண்டுபோய் அதே நிறத்துக்கு எமல்ஷன் கலந்து வாங்குகிறேன். எமல்ஷன் பளபளப்பில்லாததாக இருக்கட்டும், கேனும் மேட் வகையாக இருக்கட்டும்.

ஷேடு விழ, கேனை நேராகப் பிடிக்காமல் சாய்த்து, தள்ளி நின்று அடியுங்கள். சிதறும் தூசு பக்கத்து நிறத்தின் மேல் மெல்ல விழ வேண்டும். அடர் நிறத்துக்கும் வெளிர் நிறத்துக்கும் நடுவில் இடைநிறம் ஒன்று இருந்தால் பாதி வேலை குறையும்.

இதெல்லாம் சுவர் சரியாக இருந்தால்தான். ஒரு பள்ளிக்கூடத்தில், பூசி இரண்டு வாரம்கூட ஆகாத சுவரில் திறப்பு விழா அவசரத்துக்காக வரைந்தேன். மழை முடிந்ததும் நீல வானம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்து, அடுத்த கோடையில் தோல் மாதிரி உரிந்தது. அந்தப் பிள்ளைகள் ஆசையாக நின்று பார்த்த படம் அது, இன்றும் மனது ஆறவில்லை. புதுப் பூச்சு குறைந்தது 28 நாள் காயட்டும். சுண்ணாம்பு அடித்த சுவரில் கையைத் தேய்த்தால் மாவு வரும், அதைச் சுரண்டி எடுத்துக் கழுவாமல் எதையும் அடிக்காதீர்கள். ஓதம் ஏறும் சுவரை விட்டுவிடுங்கள், அதற்கு முதலில் மேஸ்திரிதான் தேவை. அப்புறம் பட்டி பார்த்து, எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு முறை, அதன் மேல் எமல்ஷன் இரண்டு முறை அடியுங்கள்.

படத்தைப் பெரிதாக்க நூல் அடித்துக் கட்டம் போடலாம்தான். எனக்குப் பிடித்தது கிறுக்கல் முறை. சுவர் முழுக்க எழுத்து, சுழி, நட்சத்திரம் என்று கண்டபடி கிறுக்குங்கள், ஒன்றுபோல் இன்னொன்று இருக்கக் கூடாது. நேர் எதிரே நின்று போட்டோ எடுத்து, மொபைலில் அதன் மேல் உங்கள் படத்தைப் பாதி ஒளிபுகும்படி வையுங்கள். மூக்கு நுனி 'கு'வின் வாலில் இருக்கிறது, காது மூன்றாவது சுழியைத் தொடுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சுவரில் வரையலாம். சாரத்தின் மேல் நிற்கும்போது முழுப் படமும் கண்ணுக்குத் தெரியாது, அப்போது இந்தக் கிறுக்கல்தான் வழிகாட்டும்.

மாஸ்க் விஷயத்தில் தயவுசெய்து சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். துணி போதவே போதாது. என்95 தூசைத் தடுக்கும், தின்னர் வாயுவைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய அரைமுக மாஸ்க் வாங்குங்கள். கேனை வெயிலில் போடாதீர்கள், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. சென்னைக் கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும், மெல்லிய கோடுகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். சுவரின் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராக 1959-லிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது.

வாய்ப்புக் கிடைத்தால் சென்னை கண்ணகி நகருக்கு ஒரு நாள் போய் வாருங்கள். 2020-இல் அங்கே குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். தூரத்தில் நின்று ரசித்த பிறகு கிட்டே போய் ஓரங்களை மட்டும் பாருங்கள், எது எதன் மேல் விழுந்திருக்கிறது என்று தெரியும். பிறகு உங்கள் தெருவில் ஆறடிக்கு ஆறடி, மூன்றே நிறத்தில் தொடங்குங்கள். சிக்கல் வந்தால் போட்டோவோடு கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.