மிஞ்சிய கறியில் சூப்: மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: வெள்ளிக்கிழமை மதியம் ஆக்கிய கறியில் எலும்பும் சில துண்டுகளும் மிஞ்சும். வெட்டியது போக கேரட், கோஸ், முருங்கைக்காயும் கிடக்கும். எல்லாவற்றையும் போட்டு சூப் வைத்து இரண்டு நாள் குடிக்கிறோம். நன்றாகக் கொதித்தால் ஒன்றும் செய்யாது என்கிறார் மாமி. போன மாதம் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு வந்ததிலிருந்து பயமாக இருக்கிறது. நிறுத்திவிடவா?
- வாசகி, கீழக்கரை

பதில்: நிறுத்த வேண்டாம். ஆறவைக்கும் விதத்தை மாற்றுங்கள், போதும்.

மாமி சொல்வது பாதி சரி. கொதிக்கும்போது உயிரோடு இருக்கும் கிருமி செத்துவிடும். ஆனால் கறியில் வரும் சில கிருமிகள் விதை மாதிரி ஒடுங்கிக்கொண்டு கொதியைத் தாங்கும். சூப் வெதுவெதுப்பாக இருக்கும்போது மறுபடி பெருகும். வேறு சில, விஷத்தை விட்டுவிட்டுத்தான் சாகும். அந்த விஷம் எத்தனை கொதி வந்தாலும் போகாது. பெயரெல்லாம் உங்களுக்கு வேண்டாம். 5 முதல் 60 டிகிரி வரை அவற்றுக்குக் கொண்டாட்டம் என்பது தெரிந்தால் போதும். நம் கடற்கரை வெயிலில் சமைத்த கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. மதியம் இறக்கிய ஆணம் (குழம்பு) ராத்திரி வரை அடுப்படியில் கிடந்தால், அந்தக் கறியில் சூப் வைக்காதீர்கள். கெட்டிருந்தால் வாடை வருமே என்பீர்கள். இந்த வகைக் கெடுதல் பலசமயம் மூக்குக்குத் தெரியாது.

தேக்சா நிறைய சூப் வைத்து மூடிவிட்டால், மேலே ஆறினாலும் நடுவில் மணிக்கணக்காகச் சூடு நிற்கும். அகலமான இரண்டு மூன்று ஏனங்களில் மெல்லிசாக ஊற்றி, தண்ணீரும் ஐஸும் போட்ட தாம்பாளத்தில் வையுங்கள். மீன் ஏலக்கூடத்து ஐஸ் என்றால் ஏனத்துக்கு வெளியே மட்டும். ஒரு துண்டுகூட சூப்பில் விழக் கூடாது. ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள், முழுக்க ஆறக் காத்திருக்க வேண்டாம். மூன்று நாள் தாங்கும். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, தளதளவென்று கொதிக்க வைத்துக் குடியுங்கள். கரண்ட் போனால் திறக்காத ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். அதற்கு மேல் போனால் கொட்டிவிடுங்கள்.

சட்டியில் மிஞ்சியதுதான் சூப்புக்கு. நாலைந்து பேர் கைபோட்ட சஹன் தட்டில் மிஞ்சியது ஆகாது. தேங்காய்ப்பால் ஊற்றிய ஆணமும் சீக்கிரம் புளித்துவிடும். எலும்பை முதலில் இஞ்சி, மிளகு, சீரகத்தோடு குக்கரில் வேகவிட்டு, கறித் துண்டைக் கடைசியில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். முதலிலேயே போட்டால் நார் நாராகப் போய்விடும். காய் எதுவானாலும் போடலாம்.

மீன் மட்டும் தனிக் கதை. நம் பக்கத்தில் சூரை, கானாங்கெளுத்தி, சாளை மிஞ்சினால் அதையும் சூப்பில் போடும் பழக்கம் உண்டு. இந்த மீன்கள் பிடித்ததிலிருந்து ஐஸில் இல்லாமல் கிடந்தால், சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறிவிடும். சமைத்தாலும் போகாது, ஃபிரீசரில் வைத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். நாக்கில் மிளகு கடித்தாற்போல் சுர்ரென்று இருந்தால் அந்த வாயோடு நிறுத்திவிடுங்கள். படகிலிருந்து உங்கள் வீடு வரை மீன் எத்தனை கை மாறியது, எத்தனை நேரம் வெயிலில் நின்றது என்று எந்த வியாபாரியும் சொல்லமாட்டார். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த மீன் என்றால் மட்டும் வாங்குங்கள். அதிலும் மிஞ்சியதை மறுநாள் சூப்புக்கு எடுத்து வைக்காதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பதற்குள் வாங்கிவிடுவீர்கள். மூட்டுவலிக்கு எலும்பு சூப் பொடி, நண்டு சூப் பொடி என்று வீடு தேடி விற்க வருகிறார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சடிக்க வேண்டும் என்பது விதி. சோளமாவும் உப்பும் முன்னால் நின்றால் எலும்பு எங்கே என்று நீங்களே கேளுங்கள். 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் போட்டால் அது யாருடையது என்று தெரியும். எண் இல்லையென்றால் புகார் கொடுக்கலாம். மாதிரி ஆய்வகத்துக்குப் போனால் 14 நாளில் அறிக்கை வர வேண்டும் என்கிறது சட்டம். மாதிரியை எடுக்க ஆள் வர வேண்டுமே! அதற்குள் விற்றவன் தொண்டி தாண்டிப் போயிருப்பான். எலும்பு சூப்பில் சுண்ணாம்புச் சத்து கொட்டிக் கிடக்கிறது என்பதும் கதைதான், ஒரு டம்ளர் பாலில் அதைவிட நிறைய உண்டு.

சின்னவனுக்கு வந்தது சூப்பால்தான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. மறுபடி வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுங்கள், காய்ச்சலோ ரத்தமோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். மாமிக்கு யூரிக் அமிலத் தொந்தரவு இருந்தால் எலும்பு சூப் வேண்டாம், காய் சூப்பே போதும். உப்பைக் கடைசியில் போடுங்கள். ஆணத்திலிருந்து எடுத்த கறியில் ஏற்கெனவே உப்பு இருக்கும், போர் தண்ணீர் என்றால் அதிலும் இருக்கும்.